அடைப்பு இல்லாத நெஞ்சுவலியும் இரத்தக் குழாயின் உட்படலமும்

ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போய்வந்த உங்கள் அம்மாவுக்கு வயது 56, பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, மேட்டில் ஏறும்போது நெஞ்சை அடைத்தாற்போல் வருகிறது என்று சேலத்துக்கு அழைத்துவந்து ஆஞ்சியோ எடுத்தீர்கள், பெரிய குழாய்கள் எதிலும் அடைப்பு இல்லை என்று தெரிந்தது என எழுதியிருக்கிறீர்கள். மருத்துவர், 'குழாயின் உள்பக்கப் படலம் கெட்டிருக்கிறது, அதனால் இதயம் சிரமப்படுகிறது' என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அடைப்பே இல்லாதபோது ஒரு மெல்லிய படலம் இதயத்தை எப்படிப் பாதிக்கும் என்றும், உறவினர் ஒருவர் வாங்கிவந்த ஆர்ஜினின் என்ற சத்துப்பொடியைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: அம்மாவின் வலி மெய்யானதா, அல்லது எதுவும் கிடைக்காததால் மருத்துவர் சமாதானத்துக்குச் சொன்ன பேச்சா என்பதுதான் அது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வலி மெய்யாக இருக்க முழு வாய்ப்பு உண்டு. மருத்துவர் சொன்ன விளக்கத்துக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வு பின்னணியில் இருக்கிறது.

நான் சேலத்தில் பல ஆண்டுகள் இதய நோயாளிகளைப் பார்த்தவன்; மாணவர்களுக்கு இரத்த ஓட்டத்தின் உடலியங்கியலையும் கற்பித்திருக்கிறேன். ஆனாலும் உங்கள் அம்மாவின் ஈசிஜியையோ எக்கோவையோ ஆஞ்சியோ படத்தையோ நான் பார்க்கவில்லை. ஆகவே இங்கே எழுதுவது அந்தப் படலம் என்ன செய்கிறது, அது கெட்டால் என்ன ஆகிறது என்ற பொது விளக்கமே. உங்கள் அம்மாவுக்கு இதுதான் நோய் என்ற முடிவாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரத்தக் குழாய்கள் எல்லாவற்றின் உட்புறத்திலும், இதய அறைகளின் உட்புறத்திலும், ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் விரிந்திருக்கிறது. அதன் பெயர் எண்டோதீலியம். இரத்தம் நேராகத் தொட்டுக்கொண்டு ஓடுவது இந்தச் செல்களைத்தான். இதயத்தைப் பொறுத்தவரை இவை ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் செல்கள் அல்ல. இதயத்தின் கன அளவில் பெரும்பகுதியைத் தசைச் செல்கள் பிடித்துக்கொண்டாலும், எண்ணிக்கையில் அவை சிறுபான்மைதான். தசை அல்லாத செல்களில் மிகப் பெரிய கூட்டம் எண்டோதீலியச் செல்களே. நம் ஊர்த் தறியில் பாவு நூல்கள் ஒன்றையொன்று ஒட்டி நீளவாக்கில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இதயத்தின் தசை நார்களும் நுண்குழாய்களும் அதே மாதிரி அருகருகே, ஏறத்தாழ ஒரு நாருக்கு ஒரு நுண்குழாய் என்ற கணக்கில் ஓடுகின்றன. ஒரு தசைச் செல்லுக்கும் அதன் பக்கத்து எண்டோதீலியச் செல்லுக்கும் இடையே இருக்கும் தூரம் சில மைக்ரான்கள் மட்டுமே. இவ்வளவு நெருக்கத்தில் இருப்பதால், ஒன்று சுரக்கும் பொருள் அடுத்ததைச் சென்றடைய நொடிகள் போதும்.

இந்த நெருக்கம் ஏன் முக்கியம் என்பதற்கு இதயத்தின் ஒரு தனி இயல்பைச் சொல்ல வேண்டும். உடலின் மற்றத் தசைகள் ஓய்வில் இருக்கும்போது இரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. வேலை கூடினால் அதே இரத்தத்திலிருந்து அதிகமாக உறிஞ்சிக்கொள்ள அவற்றால் முடியும். இதயத் தசையோ ஓய்விலேயே தன்னிடம் வரும் ஆக்சிஜனில் சுமார் 70 விழுக்காட்டை எடுத்துவிடுகிறது. எனவே மேட்டில் ஏறும்போது இதயத்துக்குக் கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால், கூடுதல் இரத்தம் வந்தாக வேண்டும். அதற்குக் குழாய்கள் விரிந்தாக வேண்டும். ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டராக இருக்கும் இதயத்தின் இரத்த ஓட்டம், நல்ல நிலையில் உள்ள ஒருவருக்கு மூன்று நான்கு மடங்கு கூடும். அந்த விரிவு பெரும்பாலும் நடப்பது, ஆஞ்சியோவில் கண்ணுக்குத் தெரியாத, அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள சிறு குழாய்களில். ஆஞ்சியோ படம் பெரிய குழாய்களைத் தெளிவாகக் காட்டும். ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னக் குழாய்களைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. 'ஆஞ்சியோ நார்மல்' என்ற இரண்டு சொற்களைக் கேட்டதும் நோயே இல்லை என்று வீடு திரும்பி, பிறகு மாதக்கணக்கில் வலியோடு இருந்த பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டார் அவர்களை நம்பாமல் போவதுதான் வலியைவிட அவர்களை அதிகம் வருத்தியது.

குழாய் விரிவதில் உட்படலத்துக்குப் பங்கு இருக்கிறது என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் நியூயார்க்கின் புரூக்ளினில் பணியாற்றிய ராபர்ட் ஃபர்ச்காட். முயலின் பெருந்தமனியிலிருந்து வெட்டியெடுத்த துண்டில் அசிட்டைல்கோலின் என்ற பொருளைச் சேர்த்தால், சில முறை அது தளர்ந்தது, சில முறை சுருங்கியது. காரணத்தைத் தேடியபோது, துண்டைத் தயார்செய்கையில் உட்புறம் விரலிலோ கருவியிலோ உரசி, உட்படலம் உதிர்ந்துபோன துண்டுகள்தாம் சுருங்கின என்று தெரிந்தது. பிறகு ஓர் அழகான சோதனை செய்தார்கள். உட்படலம் உரித்தெடுக்கப்பட்ட ஒரு துண்டையும், படலம் கெடாத இன்னொரு துண்டையும் முகத்தோடு முகம் ஒட்டிவைத்து அசிட்டைல்கோலினைச் சேர்த்தார்கள். படலம் இல்லாத துண்டும் தளர்ந்தது. அதாவது படலத்திலிருந்து ஏதோ ஒன்று கசிந்து அடுத்த துண்டின் தசையைத் தளர்த்துகிறது. ஃபர்ச்காட்டும் ஜவாட்ஸ்கியும் இதை வெளியிட்ட ஆண்டு 1980. அந்த 'ஏதோ ஒன்று' நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது 1980களின் பிற்பகுதியில் உறுதியாயிற்று. 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரைகள் உடலுக்குள் இதே நைட்ரிக் ஆக்சைடைத் தந்துதான் வேலை செய்கின்றன. அந்த மருந்து நூறாண்டுக்கு மேல் பயன்பட்ட பிறகே அது வேலை செய்யும் வழி விளங்கியது.

நைட்ரிக் ஆக்சைடு மட்டுமல்ல. தட்டணுக்கள் ஒட்டாமல் தடுத்துக் குழாயை விரிக்கும் புரோஸ்டாசைக்ளின் 1976இலும், குழாயைக் கடுமையாகச் சுருக்கும் எண்டோதீலின் 1988இலும் கண்டறியப்பட்டன. இரண்டையும் இந்தப் படலமே சுரக்கிறது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் 'பிரில்' என்று முடியும் மாத்திரைகள் தடுக்கும் நொதியும் இந்தச் செல்களின் மேற்பரப்பில்தான் பெருமளவு உட்கார்ந்திருக்கிறது. ஒரே செல் விரிக்கவும் செய்கிறது, சுருக்கவும் செய்கிறது. எந்தப் பக்கம் கை ஓங்குகிறது என்பது அந்தச் செல்லின் நலத்தைப் பொறுத்தது.

இனி உங்கள் அம்மா ஏறும் மேட்டுக்கு வருகிறேன். 1986இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இதயக் குழாய்க்குள் நேராக அசிட்டைல்கோலினைச் செலுத்திப் பார்த்தார்கள். நல்ல குழாய்கள் விரிந்தன. கொழுப்புப் படிந்து கெட்ட குழாய்கள் விரியவேண்டிய நேரத்தில் சுருங்கின. முயலின் துண்டில் கண்டது மனித இதயத்திலும் நடந்தது. குளிர்ந்த நீரில் கையை வைக்கும்போதும் இதேபோல், நலமான குழாய் சற்றே விரிய, கெட்ட குழாய் சுருங்குவது பின்னர் காட்டப்பட்டது. மார்கழி, தை மாதங்களில் சேர்வராயன் மலையில் விடியற்காலைக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் குளிரில், காலை உணவு முடிந்த கையோடு, சுமையைத் தூக்கிக்கொண்டு ஏற்றத்தில் நடப்பவருக்கு, இதயம் மூன்று மடங்கு இரத்தம் கேட்கும் நேரத்தில் சிறு குழாய்கள் விரிய மறுத்தால், அடைப்பு ஒன்றும் இல்லாமலே தசைக்கு ஆக்சிஜன் பற்றாக்குறை வரும். நம் பக்கத்துப் பெண்கள் இதை 'நெஞ்சு வலி' என்று சொல்வதைக் காட்டிலும் 'அடைக்குது', 'மேமூச்சு வாங்குது', 'கை கடுக்குது' என்றுதான் சொல்வார்கள். நின்றால் உடனே விடாமல், பத்து இருபது நிமிடம் நீடிப்பதும், நாக்கடி மாத்திரைக்கு முழுதாகக் கேட்காமல் இருப்பதும் சிறு குழாய் நோயில் அடிக்கடி காணப்படுகிறது.

இதுவரை சொன்னது இரத்த ஓட்டத்தின் வழியாக வரும் பாதிப்பு. பலருக்கும் தெரியாத இன்னொரு வழி உண்டு: இந்தச் செல்கள் இதயத் தசையோடு நேரடியாகவே பேசுகின்றன. 1980களின் இறுதியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் புரூட்சேர்ட் என்பவரின் குழு, பூனையின் இதய அறையிலிருந்து எடுத்த ஒரு சிறு தசையை, அதன் மேலிருக்கும் உட்படலம் மட்டும் கெடும்படி ஒரு நொடி சோப்புத்தன்மையுள்ள திரவத்தில் முக்கியெடுத்தது. தசைக்குள் இரத்தமே ஓடவில்லை. ஆகவே ஓட்டம் குறைந்தது என்று சொல்ல வழியில்லை. ஆனாலும் அந்தத் தசை முன்பைவிடச் சீக்கிரமே தளரத் தொடங்கியது. அதன் உச்ச விசையும் குறைந்தது. படலம் தசைக்கு இரத்தத்தைத் தருவதோடு நிற்கவில்லை, தசை எவ்வளவு நேரம் சுருங்கி நிற்க வேண்டும் என்பதையும் திருத்திக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்றை நான் மாணவர்களுக்குக் காட்டியதில்லை.

மனிதரில் இதற்கு இணையான ஒரு பாடம் புற்றுநோய் மருத்துவத்திலிருந்து வந்தது. நியூரெகுலின் என்ற புரதத்தை எண்டோதீலியச் செல்கள் சுரக்கின்றன; அது பக்கத்துத் தசைச் செல்லின் மேலுள்ள ஏற்பிகளில் அமர்ந்து, அந்தச் செல் பிழைத்திருக்கவும் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ளவும் உதவுகிறது. அந்த ஏற்பிகளில் ஒன்று ஹெர்2. மார்பகப் புற்றின் ஒரு வகையில் இதே ஹெர்2 மிகுந்திருப்பதால், அதைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998இல் பயன்பாட்டுக்கு வந்தது. எண்ணற்ற பெண்களின் உயிரைக் காத்த நல்ல மருந்து அது. ஆனால் ஆந்த்ராசைக்ளின் வகைப் புற்றுநோய் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, 2001இல் வெளியான பெரிய ஆய்வில் 27 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் இதயச் செயல்குறைவு கண்டது. படலம் தசைக்கு அனுப்பும் செய்தியைத் தசை பெறமுடியாமல் போனால், ஆந்த்ராசைக்ளின் போன்ற அடியைத் தாங்கும் வலு இதயத்துக்குக் குறைகிறது என்பதே இதற்கு இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அதனால்தான் அந்த மருந்து பெறுவோருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்க்கிறோம்.

இங்கிருந்து சந்தேகத்துக்குரிய பகுதிக்குப் போகிறேன். உங்கள் அம்மா போன்றோருக்கு, அதாவது நடுவயது கடந்து, சர்க்கரையும் உடல் எடையும் இரத்த அழுத்தமும் கூடியிருக்கும் பெண்களுக்கு, இதயம் நன்றாகச் சுருங்கினாலும் சரியாகத் தளராமல் விறைத்துப்போய் மூச்சுத் திணறல் வரும் ஒரு நிலை உண்டு. எக்கோ அறிக்கையில் இஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் விழுக்காடு) 60 என்று நன்றாகவே இருக்கும். ஆனால் படியேறினால் மூச்சு வாங்கும். 2013இல் பவுலஸ், சோப்பே என்ற இருவர் இதற்கு ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள்: சர்க்கரையும் உடல் பருமனும் உடல் முழுவதும் ஒரு மந்தமான அழற்சியை உண்டாக்குகின்றன, அது இதயத்தின் நுண்குழாய் எண்டோதீலியத்தைக் கெடுக்கிறது, நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, அதன் விளைவாகத் தசைச் செல்லுக்குள் இருக்கும் டைட்டின் என்ற சுருள்வில் போன்ற புரதம் விறைக்கிறது. விளக்கம் கோவையானது, திசு ஆய்வுகளில் ஆதரவும் உண்டு. ஆனால் அது முழு உண்மையாக இருந்தால் நைட்ரிக் ஆக்சைடையோ அதன் விளைவையோ கூட்டும் மருந்துகள் பலன் தந்திருக்க வேண்டும். 2013இல் சில்டெனஃபிலை வைத்தும், 2015இல் ஐசோசார்பைடு மோனோநைட்ரேட்டை வைத்தும், 2018இல் மூச்சுவழி நைட்ரைட்டை வைத்தும் நடந்த சோதனைகளில் நோயாளிகளின் உடல்வலு கூடவில்லை. மோனோநைட்ரேட் எடுத்தவர்கள் அன்றாட நடமாட்டத்தில் சற்றுக் குறைந்தே போனார்கள். பிறகு 2021, 2022 ஆண்டுகளில் எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் இந்த வகை இதயச் செயலிழப்பில் மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைப்பது உறுதியாயிற்று. அவை உட்படலத்தைச் சரிசெய்வதால் பலன் தருகின்றனவா, வேறு வழியிலா என்பது இன்னும் முடிவாகாத வழக்கு. படலம் கெடுவது இந்த நோயில் ஒரு பங்கு வகிக்கிறது என்பதை நான் நம்புகிறேன். அதுதான் மூலகாரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

மாரடைப்பில் இந்தப் படலத்தின் கதை வேறு விதமாக விரிகிறது. இதை நான் ஆஞ்சியோவும் ஸ்டென்டும் செய்யும் கேத் லேபில் நேரில் பார்த்துப் பார்த்து உணர்ந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அடைத்த குழாய்க்குள் கம்பியைச் செலுத்தி, பலூனை விரித்து, ஸ்டென்ட் வைத்து முடிக்கிறோம். திரையில் குழாய் திறந்திருப்பது பளிச்சென்று தெரிகிறது. சாயத்தைச் செலுத்தினால் அது வேகமாக ஓடிக் கடைக்கோடிக் கிளைகள் வரை நிரம்பி, தசை முழுவதும் ஒரு மங்கலான நிழலாகப் பரவி மறைய வேண்டும். சிலருக்கு அப்படி நடப்பதில்லை. சாயம் ஸ்டென்ட் வரை வந்து, அங்கேயே தயங்கி நிற்கிறது. ஈசிஜியில் தூக்கிய கோடு இறங்க மறுக்கிறது. நோயாளி வலி குறையவில்லை என்கிறார். வழி திறந்திருக்கிறது, ஆனால் தசைக்குள் இரத்தம் இறங்கவில்லை.

1974இல் குளோனர், கனோட், ஜென்னிங்ஸ் ஆகியோர் நாய்களில் இதைப் படம்பிடித்தார்கள். இதயக் குழாயை 40 நிமிடம் கட்டி அவிழ்த்தால் இரத்தம் எல்லா இடத்துக்கும் சீராகத் திரும்பியது. 90 நிமிடம் கட்டி அவிழ்த்தால், தசையின் உள்ளடுக்கில் பல இடங்களுக்கு இரத்தம் திரும்பவே இல்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது நுண்குழாய்களின் எண்டோதீலியச் செல்கள் வீங்கி, கொப்புளங்கள் போலப் புடைத்து, குழாயின் துவாரத்தை அடைத்துக்கொண்டு நின்றன. நேரம் போகப் போக மீட்க முடியாமல் போவது தசை மட்டுமல்ல, தசைக்குப் போகும் வழியும்தான். மலையிலிருந்து நோயாளி இறங்கிவரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இதனால்தான் இவ்வளவு மதிப்பு.

ஆனால் இதிலும் அவசர முடிவு கூடாது. படலம் முதலில் கெட்டு அதனால் தசை செத்ததா, தசை செத்த பிறகு படலம் கெட்டதா என்ற கேள்வியை அதே குளோனர் பின்னர் ஆராய்ந்தபோது, நுண்ணோக்கியில் தெரியும் உருவச் சிதைவைப் பொறுத்தவரை தசைச் செல்களே முந்திக்கொண்டு சாகின்றன என்று கண்டார். எண்டோதீலியச் செல்கள் ஆக்சிஜன் இல்லாமலும் சர்க்கரையை உடைத்துக் கொஞ்சநேரம் தாக்குப்பிடிக்கக் கூடியவை என்பதால் இது வியப்பில்லை. அதே சமயம், செல் உயிரோடு இருந்துகொண்டே வேலையை நிறுத்திவிடலாம். 1990இல் பூனைகளில் நடந்த ஆய்வில், அடைப்பை அவிழ்த்து இரத்தம் திரும்பிய இரண்டரை நிமிடத்துக்குள் படலத்தின் நைட்ரிக் ஆக்சைடுச் செயல் சரிந்தது. வெள்ளணுக்கள் திரண்டு ஒட்டியது அதற்குப் பிறகுதான். திரும்பி வரும் ஆக்சிஜனிலிருந்து உருவாகும் சூப்பர்ஆக்சைடு நைட்ரிக் ஆக்சைடைத் தின்றுவிடுகிறது; அது குறைந்ததும் படலத்தின் வழுவழுப்பு போய், வெள்ளணுவும் தட்டணுவும் ஒட்டத் தொடங்குகின்றன. செல்லின் மரணம் பின்னால், செயலின் மரணம் முன்னால் என்று இரண்டையும் பிரித்துப் பார்த்தால் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படவில்லை என்பது புரியும்.

இவ்வளவு தெரிந்தும் மருந்து கிடைத்ததா என்றால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளணுக்கள் படலத்தில் ஒட்டுவதைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் விலங்குகளில் மாரடைப்பின் அளவைக் குறைத்தன. 2000களின் தொடக்கத்தில் மனிதரில் சோதித்தபோது பலன் இல்லை. சாயம் நின்றுபோகும் நேரத்தில் நாங்கள் குழாய்க்குள் கொடுக்கும் அடினோசின், நிக்கோராண்டில் போன்ற குழாய் விரிக்கும் மருந்துகள் திரையில் ஓட்டத்தைச் சரிசெய்வதை நானே பார்த்திருக்கிறேன். அவை உயிரிழப்பைக் குறைக்கின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இன்றுவரை நிரூபணமான ஒரே வழி, சீக்கிரம் வந்து சீக்கிரம் திறப்பது.

மாரடைப்பைத் தொடங்கிவைப்பதிலும் படலத்துக்குப் பங்குண்டு. கொழுப்புப் படிவு வெடித்து இரத்தம் உறைவதே வழக்கமான பாதை என்றாலும், ஏறத்தாழ நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையிலான மாரடைப்புகளில் படிவு வெடிப்பதில்லை. அதன் மேலிருந்த எண்டோதீலியம் மட்டும் உதிர்ந்து, அந்த வெற்றிடத்தில் உறைவு ஏற்படுகிறது. ஸ்டென்ட் வைத்தவர்களிடம் இரண்டு இரத்தம் இளக்கும் மாத்திரைகளையும் மருத்துவர் சொன்ன மாதம் வரை நிறுத்தாதீர்கள் என்று நாங்கள் மன்றாடுவதும் இதனால்தான்: உலோகக் கம்பியின் மேல் புதிய படலம் மூடி வளரும்வரை அங்கே உறையும் ஆபத்து அதிகம், மருந்து பூசிய ஸ்டென்டில் அந்த வளர்ச்சி மெதுவாகவே நடக்கிறது. பல் பிடுங்கவோ, செலவைக் குறைக்கவோ தாமாக நிறுத்திவிட்டு வருவோரைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

உங்கள் அம்மாவின் வயதைப் பற்றி ஒரு சொல். ஈஸ்ட்ரோஜன் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தூண்டுவது உண்மை. மாதவிலக்கு நின்ற பிறகு படலத்தின் செயல் குறைவதும் உண்மை. இதை வைத்து ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் இதயம் காக்கப்படும் என்று ஒரு காலத்தில் பலரும் நம்பினார்கள். 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையில் மாரடைப்பு குறையவில்லை, சற்றே கூடியது என்று காட்டியது; அந்த ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. குழாயின் சோதனையில் நன்றாகத் தெரியும் ஒன்று நோயாளிக்கு நன்மையாக முடியும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதை இந்தத் துறை மறுபடி மறுபடி பார்த்திருக்கிறது.

ஆர்ஜினின் பொடிக்கும் அதே நிலைதான். எண்டோதீலியம் நைட்ரிக் ஆக்சைடைச் செய்வது ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்துதான். ஆகவே ஆர்ஜினினைக் கொடுத்தால் நைட்ரிக் ஆக்சைடு பெருகும் என்ற கணக்கு கேட்க நன்றாக இருக்கிறது, விற்கவும் எளிது. மாரடைப்பு வந்தவர்களுக்கு வழக்கமான சிகிச்சையோடு அதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. 153 பேர் பங்கேற்ற அதில் குழாயின் விறைப்பும் குறையவில்லை, இதயத்தின் செயலும் கூடவில்லை. ஆர்ஜினின் எடுத்தவர்களில் ஆறு பேர் இறந்தார்கள், போலி மாத்திரை எடுத்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. சிறிய ஆய்வு என்பதால் அந்த ஆறு மரணங்களும் பொடியால்தான் என்று சொல்ல முடியாது; ஆனால் ஆய்வை நிறுத்த அது போதுமானதாக இருந்தது. கெட்டுப்போன செல்லில், ஆர்ஜினினிலிருந்து நைட்ரிக் ஆக்சைடைச் செய்யும் நொதி அதற்குப் பதிலாகச் சூப்பர்ஆக்சைடையே உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் அம்மாவுக்கு மாரடைப்பு வந்ததில்லை என்றாலும், நெஞ்சு அடைக்கும் ஒருவருக்கு அந்தப் பொடியைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் தெளிவான கருத்து. வைட்டமின் ஈயும் 2000இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதிக்கப்பட்டுப் பலனற்றது என்று முடிவாகிவிட்டது. பீட்ரூட் சாறு இரத்த அழுத்தத்தைச் சிறிதளவு இறக்கும். மாரடைப்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. சர்க்கரை உள்ளவர் அதைச் சாறாகக் குடிப்பதைவிடப் பொரியலாக அளவோடு சாப்பிடுவதே நல்லது.

பரிசோதனை பற்றி: கையில் பட்டையைக் கட்டி ஐந்து நிமிடம் இறுக்கி அவிழ்த்து, மேற்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் அளக்கும் முறை 1992 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஆய்வுக்கு அது மிக நல்ல கருவி. ஆனால் அறையின் வெப்பம், முன்தினம் சாப்பிட்டது, புகைத்தது, அளப்பவரின் கை என்று எல்லாவற்றுக்கும் எண் மாறும். ஆகவே ஒரு தனி நோயாளிக்கு அதைக் கொண்டு சிகிச்சையை முடிவுசெய்வதில்லை. 'உட்படலப் பரிசோதனை' என்று தொகுப்பாக விற்கப்படுபவற்றுக்குப் பணம் கட்ட வேண்டாம். இதயத்துக்குள்ளேயே அளக்கும் முறை வேறு: ஆஞ்சியோவின்போது மெல்லிய கம்பியைச் செலுத்தி, அடினோசின் கொடுத்து ஓட்டம் எத்தனை மடங்கு கூடுகிறது என்று பார்ப்பார்கள். இரண்டு மடங்குக்கும் குறைவாக இருந்தால், சிலர் கணக்கில் இரண்டரைக்கும் குறைவாக இருந்தால், சிறு குழாய் நோய் என்று கொள்ளப்படுகிறது. அசிட்டைல்கோலின் கொடுத்துச் சுருக்கம் வருகிறதா என்றும் பார்க்கலாம். 2018இல் ஸ்காட்லாந்தில் நடந்த ஆய்வு, இப்படி அளந்து வகைபிரித்து மருந்து கொடுத்தவர்களுக்கு வலி கணிசமாகக் குறைந்தது என்று காட்டியது. இந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. மருந்திலேயே அம்மாவுக்கு நன்றாகக் குணம் தெரிந்தால் அதற்காக அலைய வேண்டிய அவசியமில்லை; மூன்று மாதமாகியும் வலி தொடர்ந்தால் அதை எங்கே செய்யலாம் என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். அதற்கு முன் இரத்தசோகையும் தைராய்டும் பார்க்கப்பட்டனவா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்; நம் பக்கத்துப் பெண்களில் ஹீமோகுளோபின் எட்டில் இருந்துகொண்டு நெஞ்சு அடைப்பவர்கள் ஏராளம்.

எது பலன் தருகிறது என்பதில் எனக்குத் தயக்கம் இல்லாத இடம் நடைதான். இரத்தம் சீராக வேகமாக ஓடும்போது எண்டோதீலியத்தின் மேல் விழும் உராய்வே நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைக் கூட்டும் மிகப் பெரிய தூண்டுதல். 2000இல் ஜெர்மனியின் லைப்சிக்கில், இதயக் குழாய் நோய் உள்ளவர்களுக்கு நான்கு வாரம் தினமும் பலமுறை பயிற்சி கொடுத்து அதே குழாயை மறுபடி சோதித்தபோது, அசிட்டைல்கோலினுக்கு வந்த சுருக்கம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. உங்கள் அம்மா வெயில் ஏறிய பிறகு, ஸ்வெட்டரும் தலைக்குத் துண்டுமாக, முதலில் ஏரிக்கரை போன்ற சமதளத்தில் பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, பிறகு மெதுவாக ஏற்றத்துக்குப் போகட்டும். அடைக்கத் தொடங்கினால் நின்றுவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு ஏறக்கூடாது. வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் அது அம்மாவின் குழாய்களையும் சேர்த்தே கெடுக்கிறது. அடுத்தவர் புகையும் படலத்தின் செயலைக் குறைப்பது பலமுறை காட்டப்பட்டிருக்கிறது. மருத்துவர் எழுதிய ஸ்டாட்டின் மாத்திரை கொலஸ்டிராலுக்கு மட்டும் என்று நினைத்து, 'கொலஸ்டிரால் நார்மல்தானே' என்று நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரைக்கு எந்த மாத்திரை எடுக்கிறார் என்பதை அடுத்த முறை காட்டும்போது கேட்டு, மேலே சொன்ன ஃப்ளோசின் வகை அவருக்குப் பொருந்துமா என்று விசாரியுங்கள். சிறுநீரகச் செயல், அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று இவற்றைப் பார்த்து அவர் முடிவு செய்வார்.

கடைசியாக ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆஞ்சியோவில் அடைப்பில்லை என்பது இனி மாரடைப்பு வராது என்ற உத்தரவாதம் அல்ல; அடைப்பில்லாத சிறு குழாய் நோய் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு, மருத்துவமனைச் சேர்க்கை ஆகியவற்றின் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பது பல நாடுகளில் காணப்பட்டிருக்கிறது. நெஞ்சை அடைக்கும் உணர்வு வழக்கமாக எப்படி வரும், எவ்வளவு நேரம் இருக்கும் என்பது அம்மாவுக்கே தெரியும். அது ஓய்வில் வந்தாலோ, இருபது நிமிடம் தாண்டினாலோ, வியர்த்துக் கொட்டி வாந்தி வருவது போலிருந்தாலோ, 'போன மாதம்தானே ஆஞ்சியோ பார்த்தோம்' என்று விடியும்வரை காத்திருக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள், இருபது கொண்டை ஊசி வளைவுகளை இரு சக்கர வண்டியில் அவரை உட்காரவைத்து இறக்க வேண்டாம். மலையிலேயே ஈசிஜி எடுக்க முடிந்தால் எடுத்து, அதைக் கைபேசியில் படம்பிடித்து, பழைய ஆஞ்சியோ அறிக்கையோடு சேர்த்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய மருந்துச் சீட்டையும், அம்மா நலமாக இருக்கும்போது எடுத்த ஒரு ஈசிஜியையும் இன்றே ஓர் உறையில் போட்டு வையுங்கள். கீழே பணியில் இருக்கும் மருத்துவர் இரண்டு ஈசிஜிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் புதிதாக ஏதாவது நடந்திருக்கிறதா என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்.